வயதுக்கு வராத வண்டுகள்

ரவை பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே நாலு வண்டு சாவகாசமாக உலாத்திக்கொண்டிருக்கும். உடனே மளிகைக் கடைக்காரருக்குத் திட்டு விழும். கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனிக்காரர்கள் கிடங்கைக் கை காட்டுவார்கள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது. கிழிசல் இல்லை, எலி கடித்த அடையாளம் இல்லை. பிறகு எப்படி உள்ளே போனது?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியே பலர் தங்கள் உத்தியோக வாழ்க்கையைக் கழித்திருக்கிறார்கள். வண்டை எப்படிக் கொல்வது என்பது அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கொல்வதற்கு ஆயிரம் விஷம் உண்டு. விஷம் பையில் இருக்க வேண்டும், வண்டு சாக வேண்டும், ஆனால் பைக்குள் இருக்கும் மாவில் அந்த விஷம் சேரக் கூடாது. சிக்கலே இதில்தான்.

முதலில் வண்டுகளைப் பற்றிக் கொஞ்சம். உணவுப் பொட்டலங்களைத் தாக்கும் பூச்சிகளை இரண்டு ரகமாகப் பிரிக்கிறார்கள்: துளைப்பவை, நுழைபவை. சிகரெட் வண்டு, தானியத் துளைப்பான் போன்றவை முதல் ரகம். காகிதம், மெல்லிய பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கடித்து ஓட்டை போட்டுவிடும். இரண்டாவது ரகத்துக்கு அவ்வளவு பலமான தாடை கிடையாது. சிவப்பு மாவு வண்டு, ரம்பப்பல் வண்டு எல்லாம் இதில் சேர்த்தி. இவை ஏற்கெனவே இருக்கிற இடுக்கைத் தேடிப் பிடித்து நுழைகிறவை. சாக்கு தைத்த ஊசி போட்ட துளை, ஒட்டு சரியாக விழாத மூலை, மடிப்பில் விட்டுப்போன சின்ன இடைவெளி, இவ்வளவு போதும். வளர்ந்த வண்டு நுழைய முடியாவிட்டாலும் பரவாயில்லை. தையல் ஓரத்தில் முட்டையிட்டுவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வரும் புழு நூல் மாதிரி இருக்கும், அது ஊர்ந்து உள்ளே போய்விடும். பெரும்பாலான பொட்டலங்களில் வண்டு வருவது இந்த வாசல் வழியாகத்தான். அதாவது நம் ரவைப் பாக்கெட்டில் கிழிசல் தேடுவதே வீண்.

இந்த உறவு ரொம்பப் பழையது. எகிப்தில் சக்காராவின் படிப் பிரமிடுக்குக் கீழே கிடைத்த தானியத்தில் மூக்கு வண்டு இருந்தது. 4,000 வருடங்களுக்கு மேற்பட்ட சங்கதி. துட்டன்காமன் கல்லறையில் சிகரெட் வண்டே கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து புகையிலை மற்ற கண்டங்களுக்கு வருவதற்கு ஏறக்குறைய 2,800 வருடங்களுக்கு முன்பே சிகரெட் வண்டு எகிப்தில் இருந்திருக்கிறது! (பெயர் வைத்தவர்கள் அதை முதலில் கவனித்தது புகையிலையில். அவ்வளவுதான் காரணம்.) இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 1970களில் தோண்டியபோது ரோமானியர்களின் தானியக் கிடங்கு ஒன்று அகப்பட்டது. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த மண்ணில் தானியத்தைவிட வண்டு அதிகம். ரோமானியர்கள் கடைசியில் கிடங்கைப் பிரித்து, அந்த இடத்தின் மேல் கனமாகக் களிமண்ணைக் கொட்டி மூடிவிட்டு, அதற்கு மேலே புதுக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். வேறு வழி தெரியவில்லை போலும்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்குக் கல் மாதிரி ஒரு ரொட்டி கொடுத்தார்கள். அதற்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'புழுக் கோட்டை'. சூடான காப்பியில் முக்குவார்கள். ரொட்டி ஊறும், புழு மிதக்கும். மிதப்பதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அமெரிக்காவில் மாவு ரொம்ப காலம் பருத்திப் பைகளில்தான் வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தப் பைத் துணியில் பெண்கள் கவுன் தைத்துக்கொண்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட மில்காரர்கள் பைகளில் பூப்போட்ட டிசைன்களை அச்சடித்து வியாபாரத்தைப் பெருக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துணியின் இடத்தைக் காகிதம் பிடித்துக்கொண்டது. மூன்று நான்கு அடுக்குக் காகிதத்தைச் சேர்த்துச் செய்த கனமான பைகள். துணியில் இழைக்கு இழை இடைவெளி உண்டு, காகிதத்தில் அது கிடையாது. நல்ல முன்னேற்றம். ஆனால் பையின் வாயைத் தைத்தாக வேண்டுமே! ஊசி போட்ட இடமெல்லாம் வண்டுக்கு வாசல்.

அப்போதுதான் பைக்கே மருந்து போடலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. எந்த மருந்து? டிடிடி அந்தக் காலத்தில் மலிவு. ஆனால் எளிதில் அழியாமல் வருடக்கணக்கில் தங்கி, கொழுப்பில் சேருகிற சரக்கைச் சாப்பாட்டை ஒட்டி வைப்பதை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. தேர்வானது பைரித்ரம். சாமந்தி வகையைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பூவைக் காயவைத்து எடுப்பது. டால்மேஷியா என்ற ஐரோப்பியக் கடற்கரைப் பகுதியில் ஆரம்பித்து, பிறகு ஜப்பானில் பெரிய அளவில் பயிராகி, அதன் பின் கென்யாவில் நிலைகொண்ட பயிர் இது. பூச்சியை நொடியில் வீழ்த்தும், மனிதருக்கு அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும், விலையும் அதிகம்.

இதற்கு ஒரு துணை கிடைத்தது. பெயர் பைப்பரோனில் பியூடாக்சைடு. 1940களில் சாசஃப்ராஸ் மர எண்ணெயிலிருந்து கிடைக்கும் சரக்கை வைத்து உருவாக்கியது. இது தன்னளவில் பெரிய விஷம் இல்லை. பூச்சியின் உடம்பில் விஷத்தை முறிக்கிற என்சைம்கள் உண்டு. அவற்றின் கையைக் கட்டிப்போடுவதுதான் இதன் வேலை. பிறகு கொஞ்சம் பைரித்ரமே போதும். ஒரு பங்கு பைரித்ரம், பத்துப் பங்கு துணை என்ற கலவை காகிதப் பைகளின் வெளி அடுக்கில் பூசப்பட்டது.

வெளி அடுக்கில் மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்து காகிதம் வழியாக மெல்ல மெல்ல உள்ளே நகரும். அதிலும் எண்ணெய்ப் பசை உள்ள பொருளாக இருந்தால் மருந்து அதை நோக்கியே போகும். அதனால் மருந்து அடுக்குக்கும் மாவுக்கும் நடுவே எண்ணெய் ஊடுருவாத காகிதத்தை ஒரு தடுப்புச் சுவராக வைத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்தில் அமெரிக்க வேளாண் துறைக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே எச். ஏ. ஹைலேண்ட் போன்றவர்கள் வருடக்கணக்கில் செய்த வேலை, கேட்பதற்குச் சலிப்பூட்டும்: பையை நிரப்பு, வண்டு நிறைந்த அறையில் மாதக்கணக்கில் வை, திற, எண்ணு, மருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அள. அந்தச் சலிப்பான வேலையிலிருந்து வந்த பாடங்களில் ஒன்று, மருந்தைவிடத் தையல் முக்கியம் என்பது. தைத்த இடத்தின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டினாலே பாதிப் போர் முடிந்தது. ஒட்டாமல் விட்ட பைக்கு எவ்வளவு மருந்து பூசினாலும் நுழைகிற ஆசாமி நுழைந்துவிடுவான்.

அமெரிக்கச் சட்டம் இந்த அளவுகளை மில்லிகிராம் கணக்கில் நிர்ணயித்தது. 50 பவுண்டோ (அதாவது ஏறக்குறைய 23 கிலோ) அதற்கு மேலோ கொள்ளும் பைகளுக்கு மட்டும் அனுமதி. வெளி அடுக்கில் ஒரு சதுர அடிக்கு 6 மில்லிகிராம் பைரித்ரின், 60 மில்லிகிராம் துணை மருந்து, அதற்கு மேல் கூடாது. பருத்திப் பையானால் உள்ளே மெழுகுக் காகிதம் வைத்திருக்க வேண்டும். அதில் போடுகிற உணவில் கொழுப்பு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மருந்து கொழுப்பைத் தேடிப் போகும் என்ற விஷயம் எப்படிச் சட்டமாக மாறியிருக்கிறது பாருங்கள்.

50 பவுண்டு என்ற வரம்பால் என்ன ஆனது? ஒரு கிலோ பாக்கெட்டில் உள்ள மாவுக்கு, 25 கிலோ மூட்டையில் உள்ள மாவைவிட, கிலோவுக்குக் கிலோ அதிகக் காகிதம் சுற்றியிருக்கிறது. பாக்கெட் சிறுக்கச் சிறுக்க மாவில் சேரக்கூடிய மருந்தின் விகிதம் ஏறும். ஆக, மில்லிலிருந்து கிளம்பும் பெரிய மூட்டைக்குப் பாதுகாப்பு உண்டு, வீட்டுக்கு வரும் சின்னப் பாக்கெட்டுக்குக் கிடையாது. வண்டு தின்றாலும் பரவாயில்லை, விஷம் சேரக் கூடாது என்பது அந்தக் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் பிரச்சினை அப்படியே நின்றது.

இனி கதை கொஞ்சம் விலகிப் போகிறது. மாவும் வண்டும் இல்லாத ஒரு பரிசோதனைச் சாலைக்கு. ஆனால் அங்கே காகிதம் உண்டு.

1964ல் கரேல் ஸ்லாமா என்ற செக் விஞ்ஞானி பிராகிலிருந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். கூடவே தன் பூச்சிகளையும் கொண்டுபோனார். லிண்டன் மரத்தடியில் திரியும் சிவப்பும் கறுப்புமான பூச்சி, நம் ஊர்ப் பருத்தியைக் கெடுக்கும் சிவப்புப் பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பிராகில் பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தவை. ஐந்து பருவங்கள் தாண்டி, தோலுரித்து, இறக்கை முளைத்துப் பெரிதாகும். ஹார்வர்டில் பெரிதாகவில்லை! ஐந்தாவது பருவம் முடிந்ததும் மறுபடி குஞ்சாகவே தோலுரித்தன. சில ஏழாவது பருவம்வரை போயின. இராட்சதக் குழந்தைகள். கடைசியில் இனப்பெருக்கம் செய்யாமலே செத்துப்போயின.

அந்த ஆய்வகத்தின் தலைவர் கரோல் வில்லியம்ஸ் இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். காரணம், அவர் வருடக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்ததே பூச்சிகளின் இளமை ஹார்மோன்தான். பூச்சியின் தலையில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் ஒரு பொருள் உடம்பில் இருக்கும்வரை பூச்சி குழந்தையாகவே இருக்கும். சுரப்பு நின்றால்தான் பெரிதாகும். 1930களில் இங்கிலாந்தில் விக்கில்ஸ்வர்த், இரத்தம் குடிக்கும் ஒரு பூச்சியின் தலையை வெட்டியும், இரண்டு பூச்சிகளை ஒட்டவைத்தும் இதைக் காட்டியிருந்தார். 1956ல் வில்லியம்ஸ் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் ஆண்களிடமிருந்து அந்த ஹார்மோன் நிறைந்த எண்ணெயை எடுத்திருந்தார்.

அப்படியானால் ஹார்வர்டில் எங்கிருந்தோ அந்த ஹார்மோன் பூச்சிகளுக்குக் கிடைக்கிறது. எங்கிருந்து? பிராகுக்கும் ஹார்வர்டுக்கும் வளர்ப்பு முறையில் உள்ள வித்தியாசங்களை உட்கார்ந்து எழுதினார்கள். 15 வந்தது. ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனதில் கடைசியில் மாட்டிக்கொண்டது, கிண்ணத்தில் பூச்சி நடப்பதற்காகப் போட்டிருந்த காகிதத் துண்டு. கை துடைக்கிற பேப்பர்! அதை எடுத்துவிட்டு வேறு காகிதம் போட்டால் பூச்சி ஒழுங்காகப் பெரிதாகிவிட்டது.

பிறகு நடந்த சோதனை வேடிக்கையானது. கையில் கிடைத்த பத்திரிகைகளை எல்லாம் நறுக்கிப் போட்டுப் பார்த்தார்கள். நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், சயின்டிஃபிக் அமெரிக்கன் மேல் நடந்த பூச்சிகள் பெரிதாகவில்லை. லண்டன் டைம்ஸ், நேச்சர் மேல் நடந்தவை பெரிதாயின. விஷயம் எழுதியவர்களிடம் இல்லை, மரத்தில் இருந்தது. அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழாகும் பால்சம் ஃபர் என்ற மரத்தில் பூச்சி ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் இருக்கிறது. கூழாகி, வெளுத்து, அச்சாகி வந்த பிறகும் அது அழியவில்லை. 1965ல் ஸ்லாமாவும் வில்லியம்ஸும் இதை வெளியிட்டார்கள். 1966ல் வில்லியம் பவர்ஸ் குழுவினர் பொருளைப் பிரித்தெடுத்து ஜுவபயோன் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் கே. என். சக்சேனாவும் வில்லியம்ஸும் இந்தியாவின் பருத்திச் சிவப்புப் பூச்சியிலும் அது பலிக்கிறது என்று காட்டினார்கள்.

அப்படியென்றால் அமெரிக்கக் காகிதப் பையில் இருந்த மாவு தானாகவே தப்பித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இல்லை. ஜுவபயோன் அந்த ஒரு சிவப்புப் பூச்சிக் குடும்பத்தை மட்டுமே தொட்டது. மாவு வண்டு அதன் மேல் நடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் யோசனை பிறந்துவிட்டது. காகிதம் பூச்சியைக் கொல்லவில்லை, வெறுமனே பெரிதாக விடாமல் தடுத்தது. மனிதனுக்கு அந்த ஹார்மோனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நாம் தோலுரித்து வளர்கிறவர்கள் இல்லையே!

1967ல் வில்லியம்ஸ் எழுதிய ஒரு கட்டுரை பிரபலமாயிற்று. ஈய ஆர்சனேட் மாதிரியானவை முதல் தலைமுறைப் பூச்சிக்கொல்லி, டிடிடி இரண்டாம் தலைமுறை, இனி வருவது மூன்றாம் தலைமுறை என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தன் சொந்த ஹார்மோனுக்கு எதிராகப் பூச்சியால் எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஐந்தே வருடம். 1972ல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத்தில் இருந்து டைட் என்பவர் ஒரு சிறு அறிக்கை வெளியிட்டார். பல பூச்சிக்கொல்லிகளுக்கு ஏற்கெனவே பழகிப்போன ஒரு வண்டுக் கூட்டம், செயற்கை இளமை ஹார்மோனுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. எந்த வண்டு என்கிறீர்கள்? நம் ரவைப் பாக்கெட்டின் சிவப்பு மாவு வண்டேதான். ஹார்மோனின் போலியும் பூச்சிக்கு ஓர் அந்நியப் பொருள்தான், விஷத்தை உடைக்கிற என்சைம் அதையும் உடைத்துவிடும் என்பதை வில்லியம்ஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. (அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புது மருந்தின் பிறந்தநாளில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.)

அதற்காக யாரும் கடையை மூடவில்லை. கருத்தடை மாத்திரையின் வேதியியலில் பெயர் பெற்ற கார்ல் ஜெராசி 1968ல் ஸோயிகான் என்ற கம்பெனியை இதற்காகவே தொடங்கியிருந்தார். மனிதரின் இனப்பெருக்கத்தை ஹார்மோனால் நிறுத்தியவர் அடுத்து பூச்சிக்குப் போனார் என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே பிறந்ததுதான் மெதோப்ரின். 1975ல் கொசுப் புழுவுக்கு எதிராக அமெரிக்காவில் பதிவானது. எலிக்குக் கொடுத்துப் பார்த்தால், ஒரு கிலோ எடைக்கு 30 கிராமுக்கு மேல் கொடுத்தும் பாதி எலி சாகவில்லை. உப்பே அவ்வளவு கொடுத்தால் எலி செத்துவிடும். குடிநீர்த் தொட்டிகளில் போடக்கூட இதற்கு அனுமதி உண்டு. பிறகு புகையிலைக் கிடங்குகளில் சிகரெட் வண்டுக்கு எதிராகவும், சேமித்த தானியத்திலும் இது வந்தது.

பைக்கு வர ரொம்ப நாளாயிற்று. 2010களில்தான் மெதோப்ரினைப் பிளாஸ்டிக் படலத்தோடு சேர்த்த பொட்டலப் பொருள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் நகரத்தில் (நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, இது கோதுமை விளையும் ஊர்) வேளாண் துறை ஆய்வகத்தின் ஃப்ராங்க் ஆர்தரும் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் இதைச் சோதித்தார்கள். மருந்துப் படலத்தின் மேல் மாவைத் தூவி, சிவப்பு மாவு வண்டின் முட்டைகளை வைத்தார்கள். முட்டை பொரிந்தது, புழு தின்றது, வளர்ந்தது. ஆனால் ஒழுங்கான வண்டாக மாறியவை அரிது. புழுவாகவே நின்றவை உண்டு, கூட்டுப்புழுவாகிச் செத்தவை உண்டு, சுருண்ட இறக்கையோடு அரைகுறையாக வந்தவை உண்டு. ஹார்வர்டின் இராட்சதக் குழந்தைகளேதான், ஐம்பது வருடம் கழித்து, இந்த முறை வேண்டுமென்றே.

மெதோப்ரினுக்கும் ஓட்டைகள் உண்டு. மூக்கு வண்டு அரிசிக்குள்ளேயே முட்டையிட்டு, அதன் புழு மணிக்குள்ளேயே வளர்கிறது. பையில் உள்ள மருந்து அதைத் தொடவே தொடாது. ஆஸ்திரேலியாவின் தானியக் கிடங்குகளில் தானியத் துளைப்பான் மெதோப்ரினுக்கே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவுக்காக வேறு இரண்டு பைகள் வந்தன. ஒன்று, கொசுவலைக் கம்பெனி ஒன்று செய்தது. டெல்டாமெத்ரின் என்ற மருந்தைப் பூசாமல் பிளாஸ்டிக் இழைக்குள்ளேயே கலந்து நெய்த சாக்கு. வெளியிலிருந்து வரும் வண்டு சாக்கின் மேல் நடந்தாலே சாகும். ஆனால் நிரப்பும்போதே தானியத்தில் வண்டு இருந்தால் பயனில்லை, முதலில் தானியத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். மற்றது, பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் 1980களின் பிற்பகுதியில் கேமரூன் விவசாயிகளின் காராமணிக்காகத் தொடங்கிய வேலை. அதில் மருந்தே கிடையாது. இரண்டு கனமான பாலித்தீன் பை, அதற்கு வெளியே ஒரு சாக்கு, வாயை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட வண்டுகள் இருக்கிற ஆக்சிஜனைத் தாங்களே தீர்த்துவிட்டு, தின்பதை நிறுத்திவிடும். தின்னாவிட்டால் அவற்றுக்குத் தண்ணீர் இல்லை. உலர்ந்த பயறுக்குள் வாழும் பூச்சி, உணவை ஆக்சிஜனோடு எரித்துத்தான் தன் உடம்புக்கான தண்ணீரைத் தயாரிக்கிறது. காற்று தீர்ந்ததும் தாகத்தில் காய்ந்து சாகும். ஏழை விவசாயிக்கு இந்த மூன்றில் எது உகந்தது என்று கேட்டால் கடைசிப் பையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கூர்மையான முள் குத்தினால் மட்டும் எல்லாம் போச்சு.

மெதோப்ரின் பைக்குத் திரும்பினால், அதைச் செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே பெரிதாகிவிட்ட வண்டை மெதோப்ரின் ஒன்றும் செய்வதில்லை. கடையில் இருந்த அடுத்த மூட்டையிலிருந்து கிளம்பி ஒட்டின் இடுக்கு வழியாக நுழைந்த கிழட்டு வண்டு, மாவைத் தின்றுகொண்டு, தன் மிச்ச ஆயுளை உள்ளே நிம்மதியாகக் கழிக்கும். அதன் பிள்ளைகள்தான் பெரிதாகாது. பாக்கெட்டைப் பிரிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணில் படுவது உயிரோடு உலாத்தும் ஒரு வண்டுதான். திட்டு வழக்கம்போல மளிகைக் கடைக்காரருக்கு.